கடைசி இடத்துக் கிளப்பும் யாங்கோன் கோல்கீப்பரும்

ஸ்காட்லாந்தில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாங்கோனில் அதை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

என் மகள் டன்ஹாரிக் என்ற சிற்றூரில் மருத்துவராக இருக்கிறாள். 2009 அக்டோபரிலிருந்து மறு மார்ச் வரை அவள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த ஊரில் சனிக்கிழமை மதியம் செய்வதற்கு இரண்டே காரியங்கள் உண்டு. மழையைப் பார்க்கலாம், அல்லது டன்ஹாரிக் ரோவர்ஸ் தோற்பதைப் பார்க்கலாம். இரண்டாவதற்குத் தகரக் கூரை இருந்தது. அதனால் போனேன்.

ரோவர்ஸ் விளையாடியது நாட்டின் கடைசி டிவிஷனில். அந்த டிவிஷனிலும் கடைசி இடம் அவர்களுடையது. அதற்குக் கீழே தள்ளிவிட வேறு டிவிஷன் இல்லாததால் யாரும் கவலைப்படவில்லை. தபால்காரர் கோல் காத்தார். குழாய் பழுதுபார்ப்பவர் நடுக்களத்தில் நின்றார். ஆக்னஸ் என்ற அம்மாள் செயலாளர். நுழைவுச்சீட்டு கிழிப்பதும் அவர்தான், காலுறைகளைத் துவைத்துக் காயப்போடுவதும் அவர்தான். மூன்றாம் வாரம் என்னைப் பார்த்து, சும்மாதானே நிற்கிறாய் என்று ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். நான் கிளப்பில் சேர்ந்தது அப்படித்தான்.

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற நான், மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழும் பந்துகளை எடுத்து வந்தேன். அந்த வீட்டு நாய்க்கு என் வேட்டி பிடிக்காது என்று தெரிந்ததும் கால்சட்டைக்கு மாறினேன். இறைச்சி அடைத்த வட்டப் பணியாரம் விற்கும் கடையில் சில வாரம் நின்றேன். நான் சைவம். வாங்குபவர்களை நான் பார்த்த பார்வை சரியில்லை என்று ஆக்னஸ் என்னை அங்கிருந்து எடுத்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் பனி விடாமல் கொட்டியது. மறுநாள் ஆட்டம் நடக்க வேண்டுமானால் ஊர்க்காரர்கள் கூடிப் பனியைத் தள்ள வேண்டும். எனக்கும் ஒரு மண்வெட்டி தந்தார்கள். பெரும்பாலும் நாங்கள் தள்ளி முடித்த பிறகு மீண்டும் பெய்து ஆட்டம் தள்ளிப்போகும். அதனால் ரோவர்ஸ் அந்தப் பருவத்தில் தோற்க வேண்டிய ஆட்டங்கள் பல வசந்தம் வரைக்கும் நிலுவையில் நின்றன.

இவ்வளவுதான் எனக்கும் ஸ்காட்லாந்துக் கால்பந்துக்கும் உள்ள தொடர்பு.

ஏப்ரலில் யாங்கோன், அதாவது பழைய ரங்கூன், போனது என் அத்தை மகன் வேலுவின் அழைப்பால். வேலுவின் தாத்தா அங்கே ரயில்வேயில் வேலைக்குப் போனவர். வேலுவும் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே எல்லாருக்கும் அவன் ஊ வேலு; பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஊ சேர்ப்பார்கள். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் தழுவிக்கொண்டு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸைக் காட்டி ஏறு என்றான்.

யாங்கோன் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. பஸ்களோ எங்கோ இடப்பக்கம் ஓடிக் களைத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தவை. அதனால் பல பஸ்களில் வாசல் நடுச்சாலைப் பக்கம் திறக்கிறது. பின்னால் வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். நான் லாரியைப் பார்த்தேன், படியைப் பார்க்கவில்லை. கண்டக்டர் என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். வெற்றிலைச் சாறு நிறைந்த வாயால் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வேலு மொழிபெயர்த்தான்: "தாத்தாவை அடுத்த தடவை பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டாங்கங்கறான்."

மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில் வேலுவின் வீடு ரயில் பாதைக்கு அருகே. ரயில் போகும்போது அடுக்களைத் தட்டுகள் பேசிக்கொள்ளும். வேலுவின் மனைவி கமலம் எனக்கு இலையில் சாம்பாரும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊறுகாய்த் தேயிலையும் வைத்தார். தேயிலையைக் குடிக்காமல் தின்கிறார்கள் என்பதை நான் நம்பாமல் ஒரு பிடி வாயில் போட்டேன். வறுத்த பயறும் பூண்டும் எள்ளும் நல்லெண்ணெய் வாசமுமாக நன்றாகவே இருந்தது. விடியும்வரை தூக்கம் வரவில்லை. தேயிலை வயிற்றுக்குள் போனாலும் அது தேயிலைதான்.

மறுநாள் சாயங்காலம் வேலு என்னைத் தன் டீக்கடைக்கு அழைத்துப் போனான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் முக்காலிகள். என் முழங்கால் காதுக்கு அருகே வந்தது. தொலைக்காட்சியில் இங்கிலாந்து லீக் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த ஆட்டக்காரர்களின் முழங்கால் வலி வரை தெரிந்திருந்தது. பாதியில் மின்சாரம் போனது. யாரும் முணுமுணுக்கவில்லை. கடைக்காரர் ஜெனரேட்டருக்குக் கயிறு இழுக்கும் நேரத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வேலு எழுந்து நின்றான். தன் மச்சான் ஸ்காட்லாந்தில் ஒரு லீக் கிளப்பில் இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறார் என்று பர்மியில் அறிவித்தான். நான் அவனுக்கு முன்பு எழுதிய கடிதத்தில் 'ரோவர்ஸ் கிளப்பில் கொஞ்சம் உதவி செய்கிறேன்' என்று எழுதியிருந்தேன். அந்தக் கொஞ்சத்தை அவன் எடுத்துவிட்டான். ஒருவர் விளையாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து விரித்தார். வாராவாரம் வரும் பர்மியப் பத்திரிகை. உலகத்து லீக் அட்டவணைகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தன. ஸ்காட்லாந்தின் கடைசி டிவிஷனும் இருந்தது. அதன் கடைசி வரியில் விரலை வைத்து வேலு வாசித்தான்: "டன்ஹாரிக்."

கொஞ்சம் ஆட்களும் ஒரு நாயும் பார்த்த ஆட்டங்களின் கணக்கு, வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்து இந்த ஊரில் அச்சாகியிருந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. உண்மையாகவே விம்மியது. அந்த நேரம் பார்த்து ஒருவர் தமிழிலேயே கேட்டார், கிளப்பில் நீங்கள் என்ன பொறுப்பு என்று. பனி தள்ளினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "நிர்வாகத்துல கொஞ்சம். மைதானப் பராமரிப்பையும் கவனிச்சுக்கிட்டேன்."

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. யாரும் தொலைக்காட்சிப் பக்கம் உடனே திரும்பவில்லை. என் டீக்கு யாரோ பணம் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் நான் அந்தத் தெருவில் சயா ஆனேன். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். நாற்பதாண்டு கல்லூரியில் நின்று பேசியும் கிடைக்காத மரியாதை ஒரு மண்வெட்டியால் கிடைத்தது.

ஞாயிறு காலை ரயில் பாதையோரத் திடலுக்குப் போனோம். தெருப் பையன்கள் என்று நினைத்துப் போனேன். எல்லாரும் வளர்ந்த ஆட்கள், பெரும்பாலும் நம்மவர்கள். தமிழ் புரியும், வாயில் பர்மி வரும். கோலில் நின்றவன் செல்வம். அது வீட்டுப் பெயர்; வெளியே பர்மியப் பெயரில் கோ ஸோ வின். இருபத்து நான்கு வயது, நீளக் கை. கையுறைகூட இல்லாமல் நின்றான். பந்து வருவதற்கு முன்பே அது வரும் இடத்தில் அவன் இருந்தான். எங்கள் தபால்காரர் பந்து போன பிறகு அந்த இடத்துக்கு வருவார். நான் ஆட்டம் முடிந்ததும் அவன் தோளில் தட்டி, "எங்க கிளப்புக்கு உன்ன மாதிரி ஒரு கீப்பர் இருந்தா இந்த நிலைமை வந்திருக்காதுப்பா" என்றேன்.

சொன்னதில் பொய்யில்லை. 'எங்க கிளப்' என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாக் குற்றமும் இருந்தது.

அன்று மாலையே அவனுடைய அம்மா வந்தார். பெயர் பார்வதி. லான்மடாவ் சந்தையோரம் தோசை விற்பவர். கைகளில் மாவு காய்ந்திருந்தது, கன்னத்தில் சந்தனம் போலத் தனக்கா என்ற மரப்பட்டை விழுது பூசியிருந்தார். அலோனில் படகுத் துறையை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் மகனுக்கு வேலை சொல்லியிருக்கிறார்கள் என்றார். மூட்டை எண்ணி எழுதும் டாலி கிளார்க் வேலை, நிரந்தரம். அந்தக் கிட்டங்கிக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அதற்குக் கோல்கீப்பர் வேண்டும். அதனால்தான் இந்த வேலை. புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு அலுவலகம் மூடுவதற்குள் மேஸ்திரியிடம் சரி என்று சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் பேசியதிலிருந்து பையன் குழம்பிப் போயிருக்கிறான். என்ன செய்யலாம் சயா?

நம் நாட்டில் வங்கியும் ரயில்வேயும் துறைமுகமும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்துவது எனக்குத் தெரியாததல்ல. என்னுடன் படித்த ஒருவன் வலப்புற ஓரத்தில் வேகமாக ஓடினான் என்பதற்காக வங்கியில் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றான். கால்பந்தால் ஒரு சாதாரண ஆள் சோறு தின்ன வழி இருக்கிறது என்றால் அது அந்த வழிதான். இவ்வளவும் தெரிந்த நான் அந்த அம்மாளிடம் சொன்னது இது: "அவசரப்பட வேண்டாம்மா. நான் அங்க ஒரு வார்த்தை சொல்றேன்."

சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் வெட்கக்கேடு. ஆக்னஸ் என் பேச்சைக் கேட்டு விமானச் சீட்டு அனுப்புவது போல மனதில் படம் ஓடியது. ஒரு பணியாரக் கடையில் நிற்கக்கூட நான் லாயக்கில்லை என்று சொன்ன ஆக்னஸ்.

மறுநாள் அந்த வார்த்தையைச் சொல்ல இணையக் கடைக்குப் புறப்பட்டேன். எனக்கு வழி தெரியும் என்று வேலுவை வீட்டில் விட்டுவிட்டு வட்டப் பாதை ரயிலில் ஏறினேன். எதிர்த் திசை ரயில். அது ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. தவறான திசையில் ஏறினாலும் இறங்க வேண்டிய இடத்துக்கே வந்து சேரும், பொழுது சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். எதிரே ஒரு பெண் கீரைக்கட்டுகளை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அவர் இறங்கும் இடம் எது என்று எனக்குத் தெரியாது. எழுப்பவும் தயக்கம். கடைசியில் அவரே விழித்து, மடியிலிருந்து கீரையை எடுத்துக்கொண்டு, கூலி போல ஒரு கட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் போய்ச் சேர்ந்தபோது இணையக் கடையில் மின்சாரம் இல்லை. கீரையோடு வீட்டுக்கு வந்தேன். கமலம் அதைக் கடைந்தார். ஒரு வார்த்தை சொல்கிறேன் என்ற என் வாக்குக்குப் பலனாக அன்று கிடைத்தது கீரைக் கடைசல் மட்டும்.

அதற்கு அடுத்த நாள் தண்ணீர்த் திருவிழா தொடங்கிவிட்டது. இதற்கு நம் ஊரில் ஒப்பிட எதுவும் இல்லை. நம் ஊரில் தெருவில் போகிற பெரியவர் மேல் தண்ணீர் ஊற்றினால் பஞ்சாயத்து கூடும். இங்கே ஊற்றாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு. சைக்கிளோடு பக்க இருக்கை பிணைத்த சைக்கா வண்டியில் என்னை உட்கார வைத்து வேலு ஊர் காட்டினான். முதல் தெருமுனையிலேயே ஒரு பெண் குழாயால் பீய்ச்சியதில் என் கண்ணாடி பறந்தது. அதைத் தேட வண்டியோட்டி குனிந்தார், அவர் மேல் ஒரு வாளி. கண்ணாடியை எடுத்துக் கொடுத்தவரே என் சட்டைக்குள் ஐஸ் தண்ணீரை விட்டார். டன்ஹாரிக் பனியில் மூன்று மாதம் நின்றும் வராத ஜலதோஷம் யாங்கோன் ஏப்ரல் வெயிலில் வந்தது. கடைகள் மூடியிருந்தன. ஸ்காட்லாந்துக்கு எந்த வார்த்தையும் போகவில்லை. போகாததில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

புத்தாண்டு நாள் காலை தெரு அமைதியாக இருந்தது. கமலம் என்னை வெள்ளைச் சட்டை போடச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, பையன்கள் கடோ செய்ய வருகிறார்கள் என்றார். வருடப் பிறப்பன்று இளையவர்கள் பெரியவர்களின் காலடியில் விழுந்து வணங்கும் வழக்கம் அது. பெரியவர்களின் தலைமுடியை மூலிகைத் தண்ணீரில் அலசிவிடுவதும் உண்டாம். என் தலையைப் பார்த்துவிட்டு அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள்.

அணி முழுக்க வந்து பாயில் வரிசையாக உட்கார்ந்தது. வாழைச் சீப்பு, தேங்காய், ஒரு புது லுங்கி, சோப்பு. என்னை மட்டும் நாற்காலியில் ஏற்றியிருந்தார்கள். கைகூப்பி, ஒரே குரலில் ஏதோ சொன்னார்கள். வேலு என் காதருகே குனிந்து தமிழில் சொன்னான்: "உடம்பால, வாயால, மனசால உங்களுக்கு நாங்க ஏதும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கன்னு கேக்கறாங்க மச்சான். மன்னிச்சேன்னு சொல்லி ஆசீர்வாதம் பண்ணணும்."

மூன்று முறை நெற்றி தரையில் பட விழுந்தார்கள். முன்வரிசையில் இருந்த செல்வம் நிமிர்ந்து தமிழில் சொன்னான். வாக்கியத்தை யோசித்து யோசித்துக் கட்டினான்: "சயா, லீவு விடுறதுக்கு முன்ன மேஸ்திரிகிட்ட போய்ட்டேன். வேல வேணாம்னு சொல்லிட்டேன். நீங்க சொன்னா போதும், எப்ப வேணா வரேன்."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கிறவர்கள் கீழே, கேட்க வேண்டியவன் நாற்காலியில். நான் சொன்னேன்: "செல்வம், நான் அந்த கிளப்புல ஒண்ணுமே இல்லப்பா. பனி தள்ளினேன். வெளிய விழுற பந்தப் பொறுக்கினேன். பலகாரம் வித்தேன், அதுலருந்தும் நிறுத்திட்டாங்க. நான் சொன்னா அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

வேலு திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பிறகு தமிழ் தெரியாதவர்களுக்காக மெதுவாகப் பர்மியில் மொழிபெயர்த்தான். வரிசையில் மெல்லிய சிரிப்பு ஓடியது. இன்னும் ஒரு முறை எல்லாரும் தரையில் நெற்றி வைத்து வணங்கினார்கள்.

எனக்குப் புரியவில்லை. நடுக்களத்தில் ஆடும் ஒருவன் சொன்னதை வேலு தலையைக் குனிந்துகொண்டு தமிழாக்கினான். உண்மையான சயாக்கள் தங்களை இப்படித்தான் தாழ்த்திச் சொல்வார்களாம். அவன் போகும் மடத்தில் பெரிய துறவி தன்னை முற்றம் பெருக்குகிறவன் என்றுதான் சொல்லிக்கொள்வாராம். நான் மண்வெட்டி பிடித்ததைக் கையை ஆட்டிக் காட்டினேன். நாய் துரத்தியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் பக்தி கூடியது. பொய் சொன்னபோது கிடைத்ததைவிட மெய் சொன்னபோது அதிக மரியாதை கிடைத்தது. வாழ்நாளில் நான் இவ்வளவு மோசமாக எந்தப் பாடத்தையும் நடத்தியதில்லை.

செல்வம் மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும்போது வாசலில் ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நம்பக்கூடிய ஒருவரிடம் சொன்னால்தான் ஆகும் என்று அன்று மதியம் லான்மடாவ் போனேன். புத்தாண்டு நாளில் அங்கே தெருவெங்கும் சோறும் சேமியாவும் இலவசமாக வழங்குகிறார்கள். பார்வதியம்மாளும் கல்லை அடுப்பில் ஏற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் தோசை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வைத்தார். நான் கையில் வாங்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கல்லில் இருந்த அடுத்த தோசையைத் திருப்பவில்லை. அது கருகியது.

"பனி தள்ளுனீங்க" என்றார்.

"ஆமாம்மா."

"அத மொத நாளே சொன்னா என்ன பெரியவரே? பனி தள்ளுறது கேவலமா? எங்க மாமனார் இந்த ஊர்ல சாக்கடை தள்ளுனவர். நாங்க சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்."

'சயா' இப்போது 'பெரியவரே' ஆகியிருந்ததைக் கவனித்தேன். கருகிய தோசையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு அவர் சொன்னார்: "மூட்டை தூக்குற எடத்துல எம் மவன் பேனா புடிக்கப் போறவனா இருந்தான். ஆபீஸ் தொறந்த அன்னிக்கு நீங்க எங்கூட வரணும். மேஸ்திரிகிட்ட உங்க வாயாலயே சொல்லணும்."

போனோம். அவர், நான், மொழிபெயர்க்க வேலு. அலோன் துறையில் குறுகலான நீண்ட பலகைகள் மேல் அரிசி மூட்டைகளோடு ஆட்கள் படகிலிருந்து கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வழியில் நின்ற என்னை ஒருவர் தோளால் ஒதுக்கினார். இன்னொருவர் முதுகால் ஒதுக்கினார். ஒதுங்கி ஒதுங்கியே மேஸ்திரியின் மேசைக்கு வந்து சேர்ந்தேன். மேஸ்திரி ஊ டின் அறுபது வயதுக்காரர். கால்பந்துதான் அவருக்கு முதல், கிட்டங்கி அதற்குப் பிறகு என்று சுவரில் இருந்த அணிப் படங்களே சொல்லின. நான் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். எந்த டிவிஷன் என்று மட்டும் கேட்டார். கடைசி என்றேன். எந்த இடம்? கடைசி. அவர் ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதை வேலு தமிழில் சொன்னான். செல்வம் வேண்டாம் என்றதும் வேறொரு கீப்பருக்கு வேலை கொடுத்தாயிற்று. நல்ல பையன், குடும்பம் இருக்கிறது. கையுறையும் வாங்கிக் கொடுத்தாயிற்று. அவனை எழுப்பிவிட்டு இவனை உட்கார வைப்பது முறையில்லை. செல்வம் விரும்பினால் மூட்டை தூக்கலாம், அணியில் இரண்டாவது கீப்பராக இருக்கலாம். டாலி மேசையில் எப்போது இடம் காலியாகும் என்று தன்னால் சொல்ல முடியாது.

அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வார்த்தையைத் தந்துவிட்டு அதில் நின்றார். நான் அப்படி ஒரு ஆளைப் பார்த்துத்தான் எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தேன். காலையில் முகம் மழித்தபோது கண்ணாடியில் பார்த்த ஆள் நினைவுக்கு வந்தான்.

அன்று மாலை செல்வம் வேலுவின் வீட்டுக்கு வந்தான். அம்மா சொல்லிவிட்டார் என்பது தெரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை. திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சயா, ஒரு வார்த்தை சொல்றேன்னு சொன்னீங்கல்ல" என்றான்.

"நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்கப்பா. அதத்தான்..."

"கேக்க வேணாம். நீங்க சொல்லுங்க. வேணாம்னு அவங்க சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். கமலம் அடுக்களையிலிருந்து வந்து, "போய்ச் சொல்லிட்டு வாங்கண்ணே" என்றார். அவர் என்னிடம் கண்டிப்பாகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

வெளிநாட்டுத் தொலைபேசி வசதி உள்ள கடையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் வெக்கை. ஆக்னஸ் எடுத்தார். என் குரல் கேட்டதும் மகிழ்ச்சி. பருவத்தில் இன்னும் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி என்றார். கடைசி இடம் உறுதியாகிவிட்டதாம், அதனால் எல்லாரும் நிம்மதியாக இருக்கிறார்களாம். நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பேனா எடுத்து வருகிறேன், இரு என்றார். வயது கேட்டார். உயரம் கேட்டார். இடது காலா வலது காலா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவனைப் பற்றி ஸ்காட்லாந்து வரை பேச வந்தவன் அதைக் கவனித்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு அவர் சொன்னார். எங்கள் ஆட்டக்காரர்களுக்கே பஸ் கட்டணம் கொடுக்க முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் அழைக்க எங்களுக்கு அனுமதியும் கிடையாது, வசதியும் கிடையாது. முடியாது, வருந்துகிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல். கிளப்பின் பெயரால் சொல். பிறகு, யாங்கோனில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் தேயிலை தின்பதைச் சொன்னேன். அதை மட்டும் அவர் நம்பவில்லை.

மறுநாள் காலை தனியாக அலோன் போனேன். இம்முறை சரியான பஸ், சரியான திசை. படியையும் பார்த்தேன். துறையில் செல்வம் ஏற்கெனவே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முதுகில் அரிசித் தூசி. பந்துக்கு நீளும் அதே கைகள் தலைக்கு மேல் மூட்டையின் காதுகளைப் பிடித்திருந்தன. இளைப்பாறும் நேரம் வந்ததும் ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தான். நான் அருகில் போய் நின்றேன்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

"செகரட்டரிகிட்ட. ஆக்னஸ்னு பேரு."

"எம் பேரு?"

"எழுதிக்கிட்டாங்க. செல்வம்னும் சொன்னேன், ஸோ வின்னும் சொன்னேன். ரெண்டையும் எழுத்துக் கூட்டி எழுதிக்கிட்டாங்க."

அவன் காத்திருந்தான். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து நின்றது. எத்தனை மாணவர்களிடம், எத்தனை பேரிடம், எவ்வளவு சுலபமாக அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கேட்பவருக்கும் இதம், சொல்பவனுக்கும் இதம்.

"முடியாதுன்னுட்டாங்க செல்வம்" என்றேன். "ஆள் கூப்பிட அவங்களுக்கு அனுமதியும் இல்ல, பணமும் இல்ல. வருத்தம்னு கிளப் பேரால உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

அவன் தலையாட்டினான். துண்டால் கழுத்தைத் துடைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். பர்மியில் அவர்களிடம் கொஞ்சம் நீளமாகவே ஏதோ சொன்னான். அவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக அவனைப் பார்த்தார்கள், புதிதாகப் பார்ப்பது போல. ஒரு வயதானவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"ஸ்காட்லாந்து கிளப் என்னய வேணாம்னு சொல்லிருச்சுன்னு சொன்னேன் சயா. இந்த அலோன்ல வேற யாரையும் அவங்க வேணாம்னு சொன்னதில்ல."

மேஸ்திரி விசில் ஊதினார். செல்வம் எழுந்து துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு படகுப் பக்கம் போனான். நான் வழியில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டேன்.